நந்தவனத்து விருந்தினர்

சித்திரைத் திருவாதிரை உற்சவத்தின்போது ஸ்ரீபெரும்புதூரில் பாஷ்யகாரரைச் சேவித்தவர்கள், திருமேனியே மறையும்படி சாற்றப்பெற்ற மாலைகளையும் சேவித்திருப்பர். அம்மாலைகளில் என்னென்ன பூக்கள் உள்ளன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர் சிலரே. இன்றைய கோயில் மாலைகளில் பெரும்பகுதி சம்பங்கி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி, ரோஜா ஆகியவற்றால் ஆனது, நடுநடுவே துளசி. 1017-ஆம் ஆண்டில் இவ்வூரில் அவதரித்த எம்பெருமானார் இவற்றுள் துளசியை நாள்தோறும் கண்டிருப்பார். மாலைக்குக் கட்டும் நிலச்சம்பங்கியைக் கண்டிருக்க மாட்டார். அது மெக்சிகோ நாட்டுக் கிழங்குச் செடி. துலுக்கச் சாமந்தியும் அந்நாட்டினதே. இவ்விரண்டும் கடல் கடந்து பாரதம் வந்தது 16-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர்தான். சாமந்தியின் பூர்விகம் சீனம்.

இதைச் சொல்வது, வந்த பூக்களை விலக்க வேண்டும் என்பதற்காக அன்று. பெருமாள் அவற்றையும் ஏற்றருளி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இனி அவற்றை அயல் என்பது பொருந்தாது. ஆயினும் வீட்டுத் தோட்டத்திலோ, கோயில் நந்தவனத்திலோ புதிதாய்ச் செடி வைக்க எண்ணுவோர், இம்மண்ணின் குடிகள் எவை, விருந்தாய் வந்தவை எவை, வந்தவற்றுள் வீட்டோடு இருத்தத் தக்கவை எவை என்று அறிந்து நடுவது நன்று. குறிப்பாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்று இக்கேள்வி அவசரமாய் எழுந்திருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை திறக்கப்பெற்றது. அடுத்தடுத்து வந்த ஆலைகளோடு குடியிருப்புகளும் எழுந்தன. ஏரிப் பாசன வயலும் மானாவாரிக் கொல்லையுமாக இருந்த நிலத்தில் இன்று மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. பிள்ளைகளின் வேலையை முன்னிட்டு இங்கே குடிவந்த மூத்தோர் பலர், வாசற்படிக்கும் மதிற்சுவருக்கும் இடைப்பட்ட நான்கு முழ இடத்தில் பூஜைக்கு இரண்டு பூ பூத்தால் போதும் என்று செடி தேடுகின்றனர். சாலையோர நாற்றங்கால்களில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் பூத்து நிற்பவை பெரும்பாலும் விருந்தினச் செடிகள். ஆவாரையும் வெட்சியும் அங்கே பின்வரிசையில் இருக்கும். சில இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும்.

பூந்தோட்டம் என்றதும் இவ்வூருக்கு உரிய நினைவு ஒன்று உண்டு. திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் செல்வீர் என்று ராமாநுஜர் சீடர்களைக் கேட்டதும், குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி மற்றவர் தயங்க, அனந்தாழ்வான் எழுந்ததும் அன்பர்கள் அறிந்த வரலாறு. கடப்பாரைத் தழும்பும், திருமுகவாயில் சாற்றும் பச்சைக் கற்பூரமும் பிள்ளைகளும் அறிவர். அவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. கடப்பாரை எதற்காக அவர் கையில் இருந்தது? ஏரி வெட்டுவதற்காக. கருவுற்றிருந்த மனைவி மண் சுமக்க, ஆழ்வான் முதலில் வெட்டியது நீர்நிலை. செடிக்கு முன் நீருக்கு வழி செய்தார். இன்று தோட்டம் போடுவோர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். கை நிறையச் செடி வாங்கி வந்து நட்டபின், மே மாதத்தில் ஆழ்துளைக் கிணறு உப்பு நீர் தரும்போதுதான் தண்ணீரைப் பற்றி எண்ணுகின்றனர்.

அனந்தாழ்வான் காலத்துத் தோட்டத்தில் என்னென்ன பூத்திருக்கும் என்பதை ஊகிக்க ஆழ்வார்களே துணை. பெரியாழ்வார் திருமொழியில், ஆநிரை மேய்க்கப் போகும் கண்ணனைப் பூச்சூட வருமாறு யசோதை நிலையில் நின்று அழைக்கும் பதிகம் உண்டு. ஒவ்வொரு பாசுரத்திலும் ஒரு பூ. செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று அவை வரும். வில்லிபுத்தூரில் தம் கையால் நந்தவனம் வளர்த்தவர் ஆதலால், அது கவிதைக்காகத் தொகுத்த பட்டியல் அன்று, தோட்டக்காரரின் பட்டியல். அதில் இன்றைய வீடுகளில் தொட்டியில் வளர்வது மல்லிகை ஒன்றே எனலாம். செண்பகமும் புன்னையும் பாதிரியும் மரங்கள். நான்கு முழ இடத்தில் அடங்கா. செங்கழுநீருக்குக் குளம் வேண்டும்.

பாதிரியைத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டையில், ஏழடி உயரத் திருமேனியோடு நின்றருளும் முருகப்பெருமானின் தலவிருட்சம் பாதிரியே. பகீரத மன்னன் அதன் அடியில் வழிபட்டான் என்பது தலபுராணம். திருப்பாதிரிப்புலியூர் தன் பெயரிலேயே அம்மரத்தைத் தாங்கியுள்ளது. இத்தனை சிறப்பிருந்தும் பாதிரி மரத்தை நேரில் பார்த்து இனம் காணக்கூடியவர் இன்று எத்தனை பேர்? கிருத்திகைக்கு வல்லக்கோட்டை செல்வோர் வரிசையில் நிற்கும் நேரத்தில் தலவிருட்சத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். பள்ளி, ஆலை வளாகம், கோயில் வெளிப்பிரகாரம் என மரத்துக்கு இடமுள்ளோர் பாதிரியையும் புன்னையையும் மகிழத்தையும் வைத்தால், நந்தவனத்தின் பெரிய கணக்கு தீர்ந்துவிடும். எஞ்சியது புதர்ச்செடிக் கணக்கு. வீட்டில் இருப்போர்க்கு அதுவே முக்கியம்.

இம்மண்ணின் புதர்ச்செடிகளில் முதலிடம் வெட்சிக்கு. இட்லிப்பூ என்று வீட்டில் வழங்குவது இதுவே. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். முருகனுக்கு உகந்தது, அம்மனுக்கும் சாற்றுவர். நாற்றங்காலில் குட்டை இலையோடு நெருக்கமாய்ப் பூக்கும் ஒட்டு வகைகளை இட்லிப்பூ என்றே விற்பர். அழகுக்கு அவை குறைவில்லை. ஆயினும் நீண்ட குழல் கொண்ட நாட்டு வெட்சியில்தான் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் நாள் முழுதும் வந்து போகும். பின்னர் வரும் சிறு செங்கனிகளைப் பறவைகள் கொத்தும்.

வெட்சிக்கு ஒரு குறை உண்டு. அது இவ்வட்டாரத்தில் அதிகம் தென்படுவது. நட்ட மறு ஆண்டே தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய்த் தெரியும். உரம் போதவில்லை என்று எண்ணிப் பலர் உரத்தைக் கொட்டுவர். காரணம் பெரும்பாலும் வேறு. வீடு கட்டியபோது சிந்திய சிமெண்ட், சுண்ணாம்பு, செங்கல் தூள் யாவும் வாசலோர மண்ணில் புதைந்து, மண் காரத்தன்மை அடைந்துவிடுகிறது. உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரும் அதைக் கூட்டுகிறது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வெட்சியின் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. முழங்கை ஆழம், அதே அகலம் தோண்டி இடிபாட்டை அகற்றி, செம்மண்ணும் நன்கு மக்கிய தொழுவுரமும் இட்டு நட வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை அப்பாத்திப் பக்கம் திருப்பிவிட்டால் மழைக்காலம் முழுதும் மண்ணின் உப்பும் கழுவப்படும்.

அடுத்தது ஆவாரை. பொங்கல் நாளில் காப்புக் கட்டப் பறித்த பூ. முன்பு சாலையோரம் தானே முளைத்தது. இன்று விதை வாங்கி நட வேண்டியதாயிற்று. நீர் குறைந்த மண்ணிலும் சரளையிலும் வளரும். உரம் கேட்காது. வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இதன் இலையில் முட்டையிடும். இதில் நுட்பமான செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. எந்தப் பூவிலும், அது எந்த நாட்டிலிருந்து வந்ததாயினும், தேன் இருந்தால் பட்டாம்பூச்சி வந்து குடிக்கும். ஆனால் அதன் புழு எல்லா இலையையும் தின்னாது. தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய இலையே அதற்கு உணவு. ஆவாரைக்கு ஒரு புழு, எருக்குக்கு ஒரு புழு, வில்வத்துக்கும் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் ஒரு புழு. விருந்தினச் செடிகள் மட்டுமே உள்ள தோட்டத்தில் பட்டாம்பூச்சி வந்து போகுமே தவிரப் பெருகாது. பூச்சி அரிக்காத செடி என்று நாற்றங்காலில் பெருமையாகச் சொல்லப்படுவதன் மறுபக்கம் இதுதான். ஆகவே வில்வக் கன்றில் பறவை எச்சம் போன்ற நிறத்தில் சிறு புழு ஒன்றைக் கண்டால் மருந்து தெளிக்க ஓட வேண்டாம். பிரதோஷத்துக்கு வேண்டிய இலை அதற்குப் பிறகும் மிஞ்சும்.

நந்தியாவட்டை, பவளமல்லி, கனகாம்பரம், டிசம்பர்ப் பூ ஆகியவையும் நம் நாட்டுச் செடிகளே. நந்தியாவட்டையில் அடுக்கு வகை பார்வைக்கு நன்றாயிருப்பினும், ஐந்திதழ் ஒற்றை வகை அதிகம் தொந்தரவு தராதது, அரைநிழலிலும் பூக்கும். பவளமல்லிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்; இரண்டாள் உயரம் போகும். தரையில் விழுந்த பூவை எடுத்து அர்ச்சிக்கலாம் என்ற விதிவிலக்கு பெற்றது இதுவே. இரவில் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவைத்தால், குனியாமலே காலையில் துணியோடு அள்ளலாம். முழங்கால் வலி உள்ளோர்க்கு இது பெரிய உதவி. கனகாம்பரத்தை மணமில்லாதது என்று சில சன்னதிகளில் சாற்றுவதில்லை. இத்தகைய வழக்குகளில் அந்தந்தக் கோயில் அர்ச்சகர் சொல்வதே பிரமாணம்.

இனி விருந்தினர். செம்பருத்தியே விருந்தாளிதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். நாம் வீட்டில் வளர்க்கும் செம்பருத்தி கிழக்காசிய, பசிபிக் பகுதிகளில் உருவானது என்பது தாவர நூலார் கருத்து. அது காய்ப்பது அரிது. போத்து வைத்தே பெருக்குகிறோம். ஆகவே நாம் வைத்த இடத்தை விட்டு அது எங்கும் பரவாது. நாள்தோறும் பூக்கிறது, அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் ஆகிறது, தேன்சிட்டுக்கும் பயன்படுகிறது. விருந்தினர் வீட்டாரான கதைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். வாங்கும்போது பழைய ஒற்றைச் சிவப்பையே கேட்டு வாங்குவது நலம். தட்டு அகலத்தில் பல வண்ணமாய்ப் பூக்கும் புதுக்கலப்பு வகைகளை மாவுப்பூச்சி விடுவதில்லை. வந்துவிட்டால் நுனிக்கிளையை வெட்டி அகற்றி, வேகமாய் நீர் பீய்ச்சி, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தால் போதும்.

நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவினது. ஆண்டு முழுதும் பூக்கும், ஆடு மாடு தொடாது, வெயிலுக்கு அசையாது. இதிலிருந்து எடுக்கப்பெறும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் மருந்துகள் இரத்தப் புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்கு உலகெங்கும் பயன்படுகின்றன. அதைக் கேள்வியுற்று இலையைப் பறித்துத் தாமே கஷாயம் வைத்துக் குடிப்பது மிகத் தவறு. மருத்துவமனையில் அளந்து ஏற்றும் மருந்து வேறு, இலைச்சாறு வேறு.

ஈழத்தலரி எனப்படும் மரம், கோயில் வாசல்களில் வெள்ளையும் மஞ்சளுமாய் மணக்கப் பூத்து உதிர்வது, நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. இலங்கையிலும் கீழை நாடுகளிலும் பௌத்த ஆலயங்கள் அதைத் தமதாக்கிக்கொண்டன. கிளை ஒன்றை ஒடித்து, பால் உலரவிட்டு நட்டால் தழைக்கும். காகிதப்பூ பூஜைக்கு ஆகாது, மணமும் இல்லை. பூ என்று நாம் நினைக்கும் வண்ணத்தாள் உண்மையில் பூவைச் சூழ்ந்த இலையே. உள்ளே உள்ள சிறு வெண்குழல்தான் பூ. ஆயினும் மதிலோரம் வேலியாய் வைக்க இதற்கு நிகரில்லை. நீரைக் குறைத்தால்தான் நன்றாய்ப் பூக்கும் என்பதால், தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஆலைக் குடியிருப்புகளுக்கு ஏற்றது.

விருந்துக்கு வந்து வீட்டையே பிடித்துக்கொண்ட செடிகளும் உண்டு. உன்னிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. மஞ்சளும் சிவப்புமாய் மாறும் அதன் பூங்கொத்தைக் கண்டு மயங்காதார் இல்லை. கனியைப் பறவைகள் தின்று எங்கும் விதைத்தன. இன்று மேற்குமலைக் காடுகளில் யானையும் மானும் மேயும் புல்லை அது மூடிவிட்டது. நீலகிரிப் பழங்குடி மக்கள் அச்செடியின் தண்டை வெட்டி, வேகவைத்து வளைத்து, ஆளுயரத்தையும் மிஞ்சும் யானைப் பொம்மைகள் செய்கின்றனர். 2021-இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் மாநகரப் பூங்காக்களில் நிறுத்தப்பெற்றது. கெட்டதிலும் ஒரு நன்மை. எனினும், காடு இன்னும் மீளவில்லை.

இது அயல் செடியின் குற்றம் மட்டுமே என்று எண்ணுவதும் சரியன்று. பெரியாழ்வார் கண்ணனுக்குச் சூட்ட விரும்பிய குருக்கத்தி இருக்கிறதே, மாதவிக்கொடி என்று வடமொழியாளர் கொண்டாடுவது, அது நம் நாட்டில் காட்டோரம் அடக்கமாய் வாழும். அதையே அழகுக்காக மொரிஷியஸுக்கும் ரியூனியன் தீவுக்கும் கொண்டுசென்றனர். அங்கே அது மரங்களின் மேல் ஏறி, மூச்சுத் திணற மூடிவிட்டது. உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு என்று அறிஞர் வகுத்த பட்டியலில் உன்னிச்செடியும் இருக்கிறது, நம் குருக்கத்தியும் இருக்கிறது. அத்தீவுகளில் கோயில் கட்டி வாழும் தமிழர்க்கு, ஆழ்வார் பாடிய பூ அவ்வூர்க் காட்டின் பகையாகிவிட்டது. பிறந்த ஊரில் பண்போடிருப்பது போன ஊரிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. செடியின் ஊரைக் கேட்பதைவிட, நட்ட இடத்தில் நிற்குமா, பறவை வழியாகவும் காற்று வழியாகவும் பரவுமா என்று கேட்பதே முறை.

ஒரகடச் சாலையில் செல்வோர், வளாகங்களின் ஓரம் அடர்பச்சையாய் வரிசைகட்டி நிற்கும் கோனோகார்பஸ் என்னும் செடியைக் காணலாம். விரைவில் வளரும், வாடாது என்பதற்காக எங்கும் நடப்பட்டது அது. வேர் ஓடிக் குழாய்களையும் கால்வாய்களையும் கெடுப்பதாகவும் மூச்சுத் தொல்லை தருவதாகவும் புகார் எழ, குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது. தமிழக அரசும் 2025-இல் தடை செய்தது. கொன்றையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. சிவபெருமானுக்குச் சாற்றும் சரக்கொன்றை சித்திரையில் சரம் சரமாய்த் தொங்கும். அதைப் போலவே மஞ்சளாய்ப் பூப்பதால் கொன்றை என்று பெயர் பெற்ற அமெரிக்க மஞ்சள்கொன்றை, கொத்து மேல்நோக்கி நிற்பது, முதுமலைப் பக்கம் காட்டை ஆக்கிரமித்து, அரசே வெட்டி அகற்றும் நிலைக்கு வந்துவிட்டது. கன்று வாங்கும்போது தொங்கும் சரமா, நிமிர்ந்த கொத்தா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அரளியைப் பற்றி விரிவாய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். செவ்வரளி இல்லாத அம்மன் கோயில் இல்லை. வறட்சி தாங்கும், ஆண்டு முழுதும் பூக்கும், நெடுஞ்சாலை நடுவிலும் வளரும். ஆனால் வேர், தண்டு, இலை, பூ, பால் என அதன் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் பூப்பூக்கும் தங்க அரளியின் விதை அதனினும் கொடிது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தில் அரளி தின்றதால் நேர்ந்ததாகக் கருதப்பட்ட ஒரு மரணத்தை அடுத்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் தம் ஆலயங்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. அதற்கு மாற்றாகத் துளசி, தெச்சி போன்றவற்றைக் கொள்ளச் சொல்லப்பட்டது. தெச்சி என்று மலையாளத்தார் சொல்வது நம் வெட்சியே.

அம்மனுக்கு மாலையாய்ச் சாற்றுவதைக் குறித்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. தீர்த்தப் பாத்திரத்தில் இதழைப் போடுவதும், இலையில் வைத்த பிரசாதத்தின் மேல் தூவுவதும்தான் விலக்கத் தக்கவை. வீட்டில் வைத்திருப்போர், பேரக் குழந்தைகள் விளையாடும் பக்கம் வைக்காமல் மதிலின் மறுகோடியில் வைப்பது நலம். கவாத்து செய்த கிளைகளைப் பசுவின் முன் போடக் கூடாது. எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. பறித்தபின் கை கழுவாமல் பூஜைக்கு உட்காரும் வழக்கம் இருந்தால் அதை இன்றே விட வேண்டும். புதிதாய்த் தோட்டம் போடுவோர், வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டெனில் அரளியை வைக்காமலே இருப்பதுதான் நல்லது. செந்நிறப் பூவுக்கு வெட்சியும் செம்பருத்தியும் இருக்கின்றன.

எத்தனைச் செடி, எந்த விகிதம் என்று கேட்பதுண்டு. பத்துச் செடிக்கு இடமிருந்தால் ஏழு இம்மண்ணினதும் மூன்று விருந்தினதுமாய் இருப்பது அழகு. அதைவிட முக்கியம், எந்த மாதமும் பூவின்றிப் போகாமல் தேர்வது. சித்திரை முதல் ஆனி வரை மல்லிகை தாராளமாய்த் தரும். அக்காலத்தில் மற்றச் செடிகளின் தேவையே தோன்றாது. ஆவணியில் பவளமல்லி உதிரத் தொடங்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கு அது துணை. மழைக்காலத்தில் பிச்சி. கார்த்திகை பிறந்ததும் மல்லிகை ஓய்ந்துவிடும். கோயம்பேட்டில் விலை ஏறும் காலமும் அதுவே. திருப்பாவை சேவிக்கும் மார்கழி விடியலில் வீட்டுப் பூ வேண்டுமெனில் டிசம்பர்ப் பூவும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருந்தாக வேண்டும். ஆசைப்பட்டு மல்லிகையாகவே பத்து வைத்த வீட்டில், மார்கழியில் கடைப்பூவுக்குத்தான் காத்திருக்க நேரும்.

துளசியின் நிலையையும் எண்ண வேண்டும். காகிதப்பூவோ செம்பருத்தியோ தெற்கிலும் மேற்கிலும் ஓங்கி வளர்ந்தால், மார்கழி, தை மாதங்களில் சாய்ந்து வரும் வெயில் துளசி மாடத்தை எட்டாது. துளசி கறுத்து மெலியும். உயரமானவற்றை வடக்கோரம் வைத்துக் குட்டையானவற்றை முன்னால் வைப்பது வெயிலைப் பங்கிடும் எளிய வழி. மாடியில் தொட்டி வைப்போர் ஒன்றரை அடி அகலத்துக்குக் குறைந்த தொட்டியை வாங்க வேண்டாம். சிறு தொட்டி, கத்திரி வெயிலில் நண்பகலுக்குள் அடுப்பாகிவிடும். மண்ணின் மேல் தென்னை மஞ்சியோ காய்ந்த இலையோ இரண்டு விரல் கனம் பரப்பினால் காலையில் விட்ட நீர் மாலை வரை தங்கும். முதுகு வளைய இயலாதோர், தொட்டிகளை இடுப்புயரத் திண்ணையில் ஏற்றிவைத்துக் கொள்ளலாம்; பூப்பறிக்கவும் களை எடுக்கவும் நின்றபடியே இயலும்.

நடுவதற்கு உகந்தது ஆடி முதல் ஐப்பசி வரையிலான காலம். வடகிழக்குப் பருவமழை பிடிக்குமுன் வேர் ஊன்றிவிட்டால், அடுத்த கோடையைச் செடி தானே பார்த்துக்கொள்ளும். மல்லிகைக்கு இடையே நான்கடி விட வேண்டும். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அதைக் கவாத்து செய்ய வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தாரின் பரிந்துரை. பிச்சிக்கு டிசம்பர் இறுதி; முல்லைக்கு ஜனவரி இறுதி. பூச்செடியை வெட்ட மனம் வராமல் விட்டுவிடும் வீடுகளில்தான் மல்லிகை கொடியாய் நீண்டு இலையாய்த் தழைத்து, சித்திரையில் விரல்விட்டு எண்ணுமளவு மொட்டு விடுகிறது. வெட்டிய செடி முதலில் மொட்டையாய்த் தோன்றும். மாசியில் துளிர்த்து, பங்குனியில் மொட்டு வைத்து, ராமாநுஜர் திருநட்சத்திரத்துக்கு வீட்டுச் சரம் கட்டும் அளவுக்குப் பூத்துவிடும்.